ஊர் ரசித்த திட்டு

இன்றைக்கு எதைத் தப்பாகச் செய்யலாம் என்று யோசித்தபடி மருமகள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

உப்புப் போடாமல் விடலாம். ஆனால் இந்த வாரம் அது ஆகிவிட்டது. சர்க்கரை டப்பாவின் மூடியை மாவு டப்பாவுக்குப் போடலாம். அது ரொம்பச் சின்னத் தப்பு, மாமியார் இரண்டே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டுவிடுவாள். குழாயைச் சரியாக மூடாமல் விடலாம்தான்; தண்ணீர் வீணாகிறதே என்று இவளுக்கே மனசு கேட்காது. தப்புச் செய்வதிலும் ஒரு நியாயம் வேண்டாமா?

கடைசியில் குளித்த ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மாமியாரின் பிரம்பு நாற்காலியில் அன்றைய செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதன்மேலேயே துண்டை விரித்துப் போட்டாள். திரும்பி வந்து, ஒன்றும் அறியாதவள்போல வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து குரல் கிளம்பியது.

"யாரு இது... யாரு இந்த வேலையைப் பண்ணினது?"

மருமகளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"நான்தான் அத்தை. மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? தலையை மட்டும் எப்படிடி மறக்காம கழுத்துமேல எடுத்துக்கிட்டு வர்றே? இந்தப் பேப்பரைப் பாரு. உலகத்துச் சேதி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடுச்சு. கல்யாணம் பண்ணவன் படமும் காணாமப்போனவன் படமும் சேர்ந்து கெடக்குது. எவன் எங்கே போனான்னு நான் யாரைக் கேக்கறது, உன் துண்டையா?"

"அம்மா, கொஞ்சம் ஜன்னல் பக்கமாத் திரும்பித் திட்டு. முகத்துல வெளிச்சம் இல்ல."

இப்படிச் சொன்னவன் இளைய மகன். செல்போன் கடையில் வேலை பார்ப்பவன், கல்யாணம் ஆகவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலைச் சோபாவின்மேல் வைத்து நின்றான்.

மாமியார் சட்டென்று நிறுத்தினாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். "யாரைக் கேக்கறது, உன் துண்டையா?"

மருமகளுக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. முன்பெல்லாம் அத்தையின் திட்டு முழுசாக இவளுக்கே கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது பாதி போனுக்குப் போய்விடுகிறது.

எதற்காக இந்தக் கூத்து என்று கேட்டால், அதற்கு மாமனாரிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

மாமியார் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் மாடிப்படியில் கால் வைத்தால் நாலாவது மாடியில் பெண்கள் படுக்கை விரிப்பைச் சரிசெய்வார்களாம். அப்படிப்பட்டவளிடம் வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியவர் மாமனார். ஈரத்துண்டை நாற்காலியில் போடுவார். மூக்குக்கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் விட்டுவிட்டு வீடெல்லாம் தேடுவார். கதவைச் சாத்தாமலே கடைக்குப் போவார். அவள் திட்டத் திட்ட, "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு, ரேடியோ ஓடுது" என்று சிரிப்பார். அது அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் விதம்.

அவர் போனபின் மாமியார் பேச்சை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. பிரம்பு நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவள்தான். "சாப்பிடறீங்களா அத்தை?" என்றால் தலையாட்டுவாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, மனசு விட்டுப்போயிருக்கிறது என்றார். பெரிய மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்; காலையில் போனால் இருட்டித்தான் வருவான். இளையவன் கடையே கதி. வேலைக்குப் போய்வரும் நேரம் போக, பகலில் அந்த மௌனத்தோடு குடியிருந்தவள் மருமகள்தான்.

ஒருநாள் நிஜமாகவே கஞ்சியில் உப்புப் போட மறந்துபோனாள். ஒரு வாய் குடித்த மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மாதக்கணக்காகத் திறக்காத வாய் திறந்தது.

"இது என்ன, சுவத்துக்கு அடிக்கறதா, மனுஷன் குடிக்கறதா?"

மருமகள் அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதாள். சந்தோஷத்தில்தான். அன்று சாயங்காலம்வரை மாமியார் உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். மறுநாள் மறுபடி மௌனம். அதற்கு மறுநாள் மருமகள் வேண்டுமென்றே உப்பை விட்டாள். உப்பு அலுத்ததும் மாமனாரின் தப்புகளைக் கடன் வாங்கிக்கொண்டாள். ஈரத்துண்டு, திறந்த கதவு, அரிசி டப்பாவுக்குள் மூக்குக்கண்ணாடி. மாமியார் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். எழுந்து நடந்தாள். தெருவில் போகிறவர்களைக்கூடத் திட்ட ஆரம்பித்தாள். வீட்டில் உயிர் வந்தது.

இந்த ரகசியம் மருமகளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கணவனுக்குக்கூட. அவன் வாய் ஓட்டை. அம்மாவிடம் அன்றே உளறிவிடுவான்.

அந்த உப்புத் திட்டு ஒன்றைத்தான் கொழுந்தன் விளையாட்டாகப் படம் பிடித்துப் போட்டான். ராத்திரி போட்டது, விடிவதற்குள் ஊரெல்லாம் பார்த்துவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. மாமியார் 'திட்டு அத்தை' ஆனாள். காய்கறிக் கடைக்குப் போனால், "அத்தை, எங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை திட்டுங்க, போன்ல லைன்ல இருக்கார்" என்பார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று வீடு தேடி வந்து, வாழ்த்துக்குப் பதில் ஆளுக்கொரு திட்டு வாங்கிக்கொண்டு போனது. ஒரு துணிக்கடையைத் திறந்துவைக்கக் கூப்பிட்டார்கள். போனவள், "வாசல்லயே செருப்பை இப்படிக் குவிச்சு வச்சா எவன் உள்ள வருவான்?" என்றாள். கூட்டம் கைதட்டியது, கடைக்காரர் கண்கலங்கி நன்றி சொன்னார்.

தெருவிளக்கு ஒன்று நெடுநாளாக எரியவில்லை. மாமியார் அதன் கீழே நின்று, "உனக்கு வெக்கமா இல்ல? நின்னுக்கிட்டே தூங்கறியே" என்று கம்பத்தைத் திட்டுவதைக் கொழுந்தன் படமெடுத்தான். மறுநாளே நகரசபை ஏணியோடு வந்து பல்பை மாற்றியது. அதிலிருந்து வாசலில் ஒரே கூட்டம். குப்பை வண்டி வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் விசிறி ஓடவில்லை, எல்லாவற்றுக்கும் திட்டு அத்தை வந்து திட்டவேண்டும். நகரசபைக்கு மனு எழுதுவதையே ஜனங்கள் விட்டுவிட்டார்கள். அத்தை திட்டினால் நடக்கும், திட்டாத தெருவில் ஒன்றும் நடக்காது என்றாகிவிட்டது.

தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். சிரித்த முகம், வெள்ளைச் சட்டை.

"பெரிசா ஒண்ணுமில்லம்மா. வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம். இப்போ பதவியில இருக்கிறவரை நீங்க மேடையில கொஞ்ச நேரம் திட்டினாப் போதும். என்ன தப்புப் பண்ணினார்னு நாங்களே சொல்லிக் குடுத்துடறோம்."

"நான் கண்ணால பாக்காத தப்பை எப்படிப்பா திட்டறது?"

"ஊரே உங்க வாய்க்காகக் காத்துக்கிட்டிருக்கும்மா. உங்களுக்குத் தெரியாதா, இன்னிக்கு இந்த ஊர்ல உங்க ஒரு சொல்லுக்கு இருக்கிற மதிப்பு யாருக்கு இருக்கு?"

மாமியார் பழக்கூடையைப் பார்த்தாள். கூடை அவளை இழுக்கவில்லை, 'ஊரே' என்ற சொல்தான் இழுத்தது. "சரி, வரேன்" என்றாள்.

எல்லாருக்கும் சிரிப்பாக இருந்தது மருமகளுக்கு மட்டும் சிரிப்பாக இல்லை. ஏனென்றால் ஊர் அவளுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தது. உப்பக்கா.

அவள் வேலை பார்த்தது மருந்துக் கடையில். டாக்டரின் கோழிக்கிறுக்கலைப் படிப்பதில் அந்தத் தெருவிலேயே அவளுக்கு ஈடு கிடையாது. வாங்க வருகிறவர்கள், "அந்த அக்காவே குடுக்கட்டும்" என்று காத்திருந்து வாங்கிப்போன காலம் உண்டு. அதே ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். "என்ன உப்பக்கா, மாத்திரையில உப்பு இருக்கா?" என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்புப் போய்ச் சந்தேகம் வந்தது. ஒரு பெரியவர் அவள் கொடுத்த மருந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "முதலாளி, நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவர் அவளைக் கண்டதும் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

முதலாளி நல்ல மனிதர்தான். கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"ஏம்மா, தப்பா நெனைக்காதே. உன் வேலையைப் பத்தி எனக்குத் தெரியும். ஆனா மருந்துக் கடைங்கறது நம்பிக்கையில ஓடறது. கொஞ்ச நாள் உள்ளாற பெட்டி பிரிக்கற வேலையைப் பாரேன்."

"எத்தனை நாளைக்கு முதலாளி?"

"இந்த மாசம் பாப்போம். சனங்க மறக்கலேன்னா... நீ வேற இடமும் பாத்து வச்சுக்கறது நல்லது."

சனங்கள் எப்படி மறப்பார்கள்? தினமும் காலையில் கொழுந்தன் ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறானே.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நான் மறக்கவில்லை, வேண்டுமென்றுதான் செய்தேன், அத்தை பேசவேண்டும் என்பதற்காக.' பெயரும் திரும்பும், வேலையும் நிலைக்கும். ஆனால் அதை அத்தை கேட்டால்? தன் கோபத்தை இன்னொருத்தி தட்டிலே வைத்து ஊட்டிவிட்டாள் என்று தெரிந்தால், அந்த நாற்காலி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடாதா? மருமகள் அட்டைப்பெட்டியின் நாடாவைக் கத்தரித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டாள்.

கணவன் வேறு அன்று சாயங்காலம் பிடித்துக்கொண்டான். வேலைக்குப் போன கட்டடத்தில் யாரோ, 'உப்பக்கா வீட்டுக்காரர்' என்று கூப்பிட்டுவிட்டார்களாம்.

"ஒரே ஒரு நாள்... ஒரு நாள் எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சா என்ன? நீ இப்படி இருக்கிறவ இல்லையே."

"செய்யறேங்க."

"இல்ல, நான் நேராவே கேக்கறேன். அம்மாமேல உனக்கு ஏதாவது கோபமா? அவங்களைக் கத்த வச்சுப் பார்க்கணும்னு வேணும்னே பண்றியா?"

மருமகள் அவனையே பார்த்தாள். இத்தனை பக்கத்தில் வந்துவிட்டு இத்தனை தூரம் போய்விட்டானே இந்த மனுஷன். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, கண்ணீர் முந்திக்கொண்டது.

"அழுதா நான் என்னன்னு நெனைக்கறது? பதில் சொல்லேன்."

"நாளைக்கு எல்லாம் சரியா இருக்கும்... போங்க, கை கழுவிட்டு வாங்க."

மறுநாள் எல்லாம் சரியாகவே இருந்தது. உப்பு அளவாக, துண்டு கொடியில், கதவு சாத்தி, கண்ணாடி அதன் கூட்டில். மாமியார் காலையில் ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்தாள். மறுபடி ஒருமுறை வந்தாள். கொழுந்தன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். மத்தியானம் மருமகள் சாப்பிட வந்தபோது மாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி இன்னும் திரும்பவில்லை. அவள் தலை மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"என்ன அத்தை, உடம்பு ஏதாவது..."

தலையாட்டல்.

அந்தத் தலையாட்டலை மருமகள் பார்த்தாள். நேரே அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துப் பொங்கவிட்டாள்.

"பால் பொங்குதே, அது உன் கண்ணுக்குத் தெரியலையா? கண்ணு எதுக்குடி, மை வைக்கவா?" என்று குரல் வந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வேட்பாளர் தானே காரோடு வந்து மாமியாரை ஏற்றிக்கொண்டார். கொழுந்தன் முன் இருக்கையில். பதவியில் இருப்பவரின் குற்றங்களை வேட்பாளர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நேற்றுவரை ஊருக்கெல்லாம் திட்டியதில் மாமியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"என் மருமக வேலை பாக்கற கடை இந்த வழியிலதான். கொஞ்சம் நிறுத்துங்க. தொண்டைக்கு ஏதாவது வாங்கிக்கறேன்."

கடையில் அந்த நேரம் முதலாளி பின்பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆட்கள் நின்றுகொண்டிருக்கிறார்களே என்று மருமகள் பெட்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். முதலில் நின்றவள் தோளில் காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண். சீட்டை நீட்டப் போனவள், முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ... நீங்க வேண்டாம் அக்கா. குழந்தை மருந்து. அவரே வரட்டும்."

"நான் பாத்துத்தாம்மா குடுப்பேன்."

"தப்பா எடுத்துக்காதீங்க. உள்ளதானே உங்களுக்கு வேலைன்னு சொன்னாங்க?"

மருமகள் திரும்பி உள்ளே நடந்தாள். தடுப்புக்குப் பின்னால் போய்க் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஏன், அவ குடுத்தா என்ன?"

வாசலில் மாமியார்.

குழந்தைக்காரியின் முகம் மலர்ந்தது. "அட, திட்டு அத்தை. நீங்களே சொல்லுங்களேன் அத்தை. உப்பையே மறக்கறவங்க கையால மருந்து வாங்கலாமா? நீங்க சொல்லித்தானே எங்களுக்கெல்லாம் தெரியும்."

மாமியாருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. முன்னால் நிற்கும் ஆட்களையும், தடுப்புக்குப் பின்னால் குனிந்திருந்த மருமகளின் தலையையும், அவளைச் சுற்றிக் கிடந்த காலிப் பெட்டிகளையும் பார்த்தாள். புரிந்தது. அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது.

"யாரைப் பாத்து என்ன பேசறே? என் வீட்டுக் கஞ்சியில உப்பு இருந்தா உனக்கென்ன, இல்லாட்டி உனக்கென்ன? நீ வந்து குடிச்சியா? அவ கையைப் பத்திப் பேச உனக்கு..."

"அத்தை ஆரம்பிச்சிட்டாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டக்கு டக்கென்று போன்கள் உயர்ந்தன. தெருவில் போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். குழந்தைக்காரி கோபித்துக்கொள்ளவில்லை; பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "என்னையே திட்டறாங்க பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

"சிரிக்காதே. நான் நெஜமாத்தான் திட்டறேன்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. ஒருவன் கை தட்டினான்.

"அத்தை, அந்தக் கஞ்சி டயலாக்கை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. நான் எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

மாமியாரின் வாய் திறந்தபடியே நின்றது. வாழ்நாளெல்லாம் அவள் கையில் இருந்த ஒரே ஆயுதம் அது. இன்றைக்குத்தான் அது உண்மையிலேயே வேண்டியிருந்தது. இன்றைக்குத்தான் அது வெட்டவில்லை. இவர்களைத் திட்டமுடியாது. திட்டினால் கைதட்டுவார்கள்.

அவள் மெதுவாகக் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஊர் அவளிடமிருந்து கேட்டிராத ஒரு தாழ்ந்த குரல் வந்தது.

"இது திட்டு இல்ல. கொஞ்சம் கேளுங்க... என் பிரஷர் மாத்திரையை இவதான் எடுத்து வைக்கறா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு வேளை தப்பினதில்ல. என் வீட்டுக்காரர் படுத்திருந்தப்போ எத்தனை மருந்து, எத்தனை ஊசி... பெத்த பிள்ளைங்களும் நானும் குழம்பினோம், இவ குழம்பலே. ராத்திரி எந்த நேரம் கேட்டாலும் சொல்லுவா. எதையும் மறக்கறவ இல்ல இவ. அப்படிப்பட்டவ..."

குரல் தயங்கியது. யாரிடம் பேசுகிறோம் என்பதே மறந்துவிட்டதுபோல அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அப்படிப்பட்டவ உப்பை எப்படி மறப்பா? துண்டு... ஈரத்துண்டை நாற்காலியில போடறது இவ இல்லையே. அது அவரு. கதவைச் சாத்தாமப் போறதும் அவருதான். அரிசி டப்பாவுல கண்ணாடி... இவ கண்ணாடியே போடறதில்லையே. என் கண்ணாடியை எடுத்துல்ல அதுக்குள்ள வச்சிருந்தா..."

கைதட்டியவன் கையைக் கீழே போட்டிருந்தான்.

மாமியார் தடுப்புப் பக்கம் திரும்பினாள். "ஏண்டி... எல்லாம் வேணும்னே செஞ்சியா?"

மருமகள் தலை நிமிரவில்லை.

"என்னைப் பேச வைக்கறதுக்கா?"

அட்டைப்பெட்டியின்மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது, அதுவே பதில்.

போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லாம் இல்லை, ஒன்றிரண்டு அப்படியேதான் இருந்தன. முதலாளி எப்போதோ வந்து நின்றிருந்தார், போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு. குழந்தைக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சீட்டை மேசைமேல் வைத்து உள்பக்கமாகத் தள்ளினாள்.

"அக்கா... நீங்களே குடுங்க."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சீட்டைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகத்தில் வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. "குழந்தை எடை பாத்தாங்களா? எவ்வளவு சொன்னாங்க?" என்று கேட்டு, மருந்தை எடுத்து, அளவு மூடியில் நகத்தால் கோடு காட்டி, "இதுக்கு மேல வேண்டாம். சாப்பிட்டதுக்கு அப்புறம் குடுங்க" என்றாள்.

காரில் காத்திருந்த வேட்பாளர் உள்ளே வந்தார். "அம்மா, நேரமாச்சு. மேடையில எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"நான் வரலப்பா."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? உங்க படம் போட்டு ஊரெல்லாம் ஒட்டியிருக்கோம்."

"என் கண்ணு முன்னாடி, என் வீட்டுல நடந்ததையே நான் தப்பாப் பாத்திருக்கேன். நீங்க காருல சொன்னதை வச்சு ஒருத்தரை நாலு பேர் முன்னாடி நான் எப்படித் திட்டுவேன்? அவர் தப்புப் பண்ணியிருந்தா நீங்களே சொல்லுங்க. உங்களுக்கும் வாய் இருக்கில்ல."

"அப்போ கூட்டத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க. நெஜம்தானே."

அவர் சிரித்த முகம் அன்றுதான் முதல்முறையாகச் சிரிக்காமல் வெளியே போனது.

வீட்டுக்கு மாமியாரும் மருமகளும் நடந்தே வந்தார்கள். வழியெல்லாம் மாமியார் ஒரு சொல் பேசவில்லை. தெருவில் யாரோ, "திட்டு அத்தை, ஒரு வார்த்தை" என்றதற்கும் திரும்பவில்லை. மருமகள் அரை அடி பின்தங்கியே நடந்தாள். போச்சு, எது நடக்கக்கூடாது என்று பயந்தோமோ அது நடந்துவிட்டது. வேலை திரும்பி என்ன, பேர் திரும்பி என்ன, அத்தை மறுபடி போய்விட்டாளே...

வீட்டில் கணவன் அன்று சீக்கிரமே வந்திருந்தான். கடையில் நடந்ததை யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வேலையைப் பாதியில் போட்டு ஓடி வந்திருந்தான். மனைவியைப் பார்க்கமுடியாமல் தரையைப் பார்த்தபடி எழுந்து நின்றான்.

மாமியார் பிரம்பு நாற்காலியின் அருகே போனாள். உட்காரவில்லை. அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னை என்னடி நெனச்சே?" அந்தக் குரல் உடைந்திருந்தது. "சாவி குடுத்தா ஓடற பொம்மைன்னா? என் கோபம்கூட எனக்குச் சொந்தமில்லாமப் போச்சா? ஊரு ஒரு பக்கம் அதை வேடிக்கையாக்கிடுச்சு. நீ ஒரு பக்கம் மருந்தாக்கி வேளாவேளைக்குக் குடுத்திருக்கே."

"அத்தை..."

"அவரு தப்பை எல்லாம் எடுத்து நீ செய்யறே. தினமும் காலையில அந்தத் துண்டைப் பாக்கும்போது எனக்கு எப்படி இருக்கும்னு... ஏன் அவ்வளவு கோபம் வருதுன்னு எனக்கே தெரியாது. இப்போல்ல தெரியுது."

மருமகள் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னால தாங்கமுடியல அத்தை. எங்க வீட்டுல அப்பாவும் அம்மாவும் பேசிக்கவே மாட்டாங்க. உப்பு வேணும்னாக்கூட என்கிட்ட சொல்லித்தான் கேப்பாங்க. இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு நீங்க மாமாவைப் போட்டுத் திட்டிக்கிட்டிருந்தீங்க, அவர் சிரிச்சுக்கிட்டிருந்தார். அன்னிக்கு நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அந்தச் சத்தம் நின்னுபோச்சு. எனக்கு வேற வழி தெரியல..."

"அதுக்கு உன் பேரைக் கெடுத்துக்குவியா? வேலையே போகப் பாத்திருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீங்க மறுபடி பேசாமப் போயிடுவீங்க..."

"போயிடுவேனா?" மாமியார் குனிந்து அவள் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினாள். "இவ்வளவு பெரிய பைத்தியத்தை வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்படிடி பேசாம இருப்பேன்?"

அப்படியே அணைத்துக்கொண்டாள். மாமனார் போனபோது வராத அழுகையெல்லாம் அன்று வந்தது. வார்டனம்மா விசும்பி விசும்பி அழுவதை அந்த வீடு பார்த்ததில்லை. இரண்டு பேரும் அழுது ஓய்கிற மாதிரித் தெரியவில்லை. கணவன் ஒரு டம்ளர் தண்ணீரோடு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

"நான் உன்னை அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக்கூடாது" என்றான் கடைசியில்.

"வேணும்னேதான் பண்றியான்னு கேட்டீங்க. சரியாத்தானே கேட்டீங்க" என்றாள் மருமகள், மாமியாரின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே. மாமியாருக்கு அழுகையின் நடுவில் சிரிப்பு வந்து புரையேறியது.

கடையில் நடந்ததன் படத்தைக் கொழுந்தனும் போட்டுப் பார்த்தான். முதல் வாரம் பார்த்தார்கள். அப்புறம், "அடுத்த திட்டு எங்கே?" என்று கேட்டார்கள். இனித் திட்டு இல்லை என்றதும் வேறு பக்கம் போய்விட்டார்கள். எங்கேயோ ஒரு ஊரில் ஒரு தாத்தா கிளியோடு சண்டை போடுகிறாராம். இப்போது எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். கொழுந்தனுக்குக் கொஞ்ச நாள் முகம் தொங்கிப்போயிருந்தது. தெருக்காரர்கள் பழையபடி மனு எழுதக் கற்றுக்கொண்டார்கள். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்களுக்கு மாமியார் எழுதிக் கொடுத்தாள். நகரசபை மெதுவாகத்தான் வந்தது. ஆனால் எல்லாத் தெருவுக்கும் வந்தது.

மருமகள் மறுபடி முன் மேசைக்கு வந்தாள். குழந்தைக்காரிதான் பார்க்கிறவர்களிடமெல்லாம், "அந்த அக்கா கையால வாங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு வர்ணம் அடிப்பது என்று முடிவாகி, சாமான்களையெல்லாம் நடுவில் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

"பச்சைதான்" என்றாள் மாமியார்.

"பச்சை வேண்டாம் அத்தை. கூடமே இருட்டு. மஞ்சள் அடிச்சாத்தான் வெளிச்சமா இருக்கும்."

"மஞ்சளா? காமாலைக்காரன் வீடு மாதிரி இருக்கும்."

"பச்சை அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். போற வர்றவங்க உள்ள வந்து சீட்டுக் குடுப்பாங்க."

மாமியார் வாளியை நங்கென்று கீழே வைத்தாள். "என்னையே எதுத்துப் பேசறியா?"

"நீங்கதானே சொன்னீங்க, மனசுல இருக்கிறதைச் சொல்லுன்னு. என் மனசுல மஞ்சள்தான் இருக்கு."

"கீழ்ப்பாதி பச்சை. அதுக்குமேல நான் இறங்கமாட்டேன்."

"கதவு மட்டும் பச்சை. அதுக்குமேல நானும் ஏறமாட்டேன்."

மாடியில் தூங்கிக்கொண்டிருந்த கணவன் சத்தம் கேட்டுப் பதறிப்போய் இறங்கி வந்தான். இரண்டு பேரும் கையில் ஆளுக்கொரு தூரிகையோடு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேருக்கு நேர் நிற்பதைப் பார்த்து மிரண்டான்.

"என்னம்மா... என்ன ஆச்சு? மறுபடியும் என்ன சண்டை?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"சண்டை எல்லாம் ஒண்ணுமில்ல. நீ போய்த் தூங்கு" என்றாள் மாமியார். "நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."